மரத்தைப் பார்க்கத் தெரிந்தவர் யார்?

தெருமுனை டீக்கடையில் "மரம் வெட்டணும், ஆள் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் அரிவாளும் கயிறுமாக இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள். அதே கடையில் "மரம் நல்லா இருக்கான்னு பார்த்துச் சொல்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால் பதில் வராது. வெட்டுவதற்கு ஊரெல்லாம் ஆள். பார்ப்பதற்குத்தான் ஆளைத் தேட வேண்டும். நம் நகரங்களில் வீட்டு மரங்கள் படும் பாட்டுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

புரட்டாசி பிறந்துவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் 'மரம் கழிக்கும்' வேலை தெருத்தெருவாகச் சூடுபிடிக்கும். அதற்குப் பின்னாலிருக்கும் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகளைக் கிடத்திவிட்டுப் போனது. 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில், புயல் எதுவும் இல்லாத ஒரு நாளில், சாலையோர மரம் காரின் மேல் சாய்ந்து ஓர் உயிர் போனது.

இதையெல்லாம் பார்த்தவர் தன் வீட்டு வாசல் வேம்பை அண்ணாந்து பார்த்துக் கவலைப்படத்தான் செய்வார். அந்தக் கவலையை அவர் யாரிடம் கொண்டுபோகிறார் என்பதில் மரத்தின் ஆயுள் இருக்கிறது. சமயத்தில் மனிதரின் ஆயுளும்தான்.

விறகு யாருக்கு?

வீட்டு மர வேலைக்குக் கூலி எப்படிப் பேசப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? "மரத்தை நாங்களே எடுத்துக்கறோம் சார், கூலியில கழிச்சுக்கலாம்" என்பார்கள். கேட்பதற்கு லாபமாகத்தான் இருக்கும். தடித்த கிளைகள் விறகுக்கடைக்கோ அறுவை மில்லுக்கோ போகும். வேம்புக்கு ஒரு விலை, மாவுக்கு ஒரு விலை, பூவரசுக்கு ஒரு விலை. ஆனால் காய்ந்த குச்சியையும் நோய் பிடித்த நுனியையும் காசு கொடுத்து வாங்க யாரும் இல்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மரத்துக்கு நல்லது செய்ய வேண்டுமென்றால் காய்ந்ததை, முறிந்ததை, ஒன்றோடொன்று உரசுவதை எடுக்க வேண்டும். காசு பார்க்க வேண்டுமென்றால் பச்சையான, தடித்த கிளையை எடுக்க வேண்டும். எவ்வளவு வெட்டலாம் என்று சொல்பவரே வெட்டிய மரத்தையும் எடுத்துக்கொள்வது, மருந்துக்கடைக்காரரே நோயைச் சொல்லி மருந்தும் விற்பது போன்ற ஏற்பாடு. அவர் ஏமாற்றுக்காரர் என்று அர்த்தமில்லை. அவருடைய வருமானம் அப்படி அமைந்திருக்கிறது.

வீட்டுக்காரர் பங்கும் இதில் உண்டு. "காசு கொடுத்துட்டோம், நல்லா எடுத்துவிடுப்பா" என்று கீழே நின்று சொல்பவர் அவர்தான். இலை விழுகிறது, சோலார் பலகையில் நிழல் விழுகிறது, சிசிடிவி கேமராவை மறைக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார் என்று காரணங்கள் சேர்ந்துகொண்டே போகும். மேலே ஏறியவர் இதைக் கேட்டால், எட்டும் கிளையெல்லாம் கீழே வந்துவிடும்.

ஆகவே ஆளைத் தேடும்போது முதல் விதி: எதை வெட்டுவது என்று முடிவு செய்பவருக்கு, வெட்டிய மரத்தில் பங்கு இருக்கக் கூடாது. பார்ப்பவர் ஒருவர், வெட்டுபவர் இன்னொருவர் என்று இருப்பது சிறப்பு. ஒரே ஆள்தான் கிடைக்கிறார் என்றால், கூலியை முழுதாகக் கொடுத்துவிட்டு விறகை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தனியாக விற்றுக்கொள்ளுங்கள்.

மொட்டை அடித்தால் என்ன ஆகும்?

மரம் இலையில் உணவைத் தயாரிக்கிறது; மிச்சத்தை மாவுச்சத்தாகக் கிளையிலும் தண்டிலும் வேரிலும் சேர்த்துவைக்கிறது. உச்சியை மொட்டை அடித்துவிட்டால் வரவு நின்றுபோகும். சேமிப்பைச் செலவழித்து, வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்விடும். "பார்த்தீங்களா, எப்படித் தழைச்சிருக்கு!" என்று வெட்டியவரும் பெருமைப்படுவார். ஆனால் அந்தத் துளிர்கள் இயல்பான கிளையைப் போல மரத்தின் உள்ளிருந்து பிணைந்து வளர்ந்தவை அல்ல. மேல் அடுக்கில் ஒட்டிக்கொண்டிருப்பவை. சில மழைக்காலங்களில் அவை கனத்த கிளைகளாகிவிடும். அவற்றுக்கு அடியில் பழைய வெட்டுவாய் உளுத்துக்கொண்டிருக்கும். புயலுக்குப் பயந்து செய்த வேலை, பிற்பாடு வரும் புயலில் முறிவதற்கென்றே கிளைகளைத் தயார் செய்து கொடுக்கிறது.

இதை அறிவியல்பூர்வமாக விளக்கியவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நெடுக அறுத்து, பழைய காயங்கள் உள்ளே என்ன ஆயின என்று பார்த்தவர். நம் தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல மரத்தில் ஆறாது என்பதை அவர் காட்டினார். மரம் காயத்தைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்புகளை எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, அதன்மேல் புதிய மரத்தை வளர்த்துக்கொண்டு போகிறது. 1977-ல் வெளிவந்த இந்த விளக்கம் உலகெங்கும் மரம் கழிக்கும் முறையையே மாற்றியது.

இதிலிருந்து வரும் நடைமுறைப் பாடம் எளிமையானது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். தடுப்பு எழுப்பும் வேலைக்கு அந்தப் பகுதி முக்கியம். அதைச் சீவி, தண்டோடு தண்டாக மழமழவென்று வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும். மரத்துக்கு அது பெரிய காயம். அதற்காக ஒரு முழம் விட்டு வெட்டினாலும் அந்தக் கட்டை காய்ந்து, அதன் வழியே அழுகல் இறங்கும். புடைப்பை விட்டுவிட்டு, அதை ஒட்டி வெளிப்பக்கம் வெட்டுவதே சரி. ஒரு பருவத்தில் பச்சை இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. வயதான மரமென்றால் இன்னும் குறைவு.

வெட்டுவாயில் தார் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதே ஆய்வுகள் சொல்வது. குறிப்பிட்ட பயிரில், குறிப்பிட்ட நோய்க்கு போர்டோ பசை தடவச் சொல்வது வேறு. அதை நோய் தெரிந்தவர் சொல்ல வேண்டும்.

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது நம் வீடுகளில் பழகிய பேச்சு. முருங்கைக்கு அது சரி. வேகமாக வளரும், மரம் மென்மையானது, இடுப்பு உயரத்தில் வெட்டினாலும் தழைத்துக் காய்க்கும். அந்த வைத்தியத்தை வேம்புக்கும் தூங்குமூஞ்சிக்கும் செய்வதில்தான் தவறு. மாமரத்துக்கோ காய்ப்பு முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து. எல்லா மரத்துக்கும் ஒரே நாளில், ஒரே வெட்டு என்று சொல்பவருக்கு மரம் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

தென்னைக்கு வேறு கணக்கு

தென்னை, பனை இரண்டும் வேம்பு, மாமரம் போன்றவை அல்ல. புல் இனத்தைப் போல ஒருவித்திலைத் தாவரங்கள். தண்டைச் சுற்றிப் புதிய மரத்தை வளர்க்கும் அடுக்கு அவற்றுக்குக் கிடையாது. அதனால் தென்னந்தண்டில் விழுந்த வெட்டு, மரம் இருக்கும்வரை அப்படியே இருக்கும். ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி வெட்டும் ஆளை அனுமதிக்கவே கூடாது. அந்தக் காயங்கள் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட வழிவிடுகின்றன. உள்ளே புழு குடைந்துபோவது வெளியே தெரியும்போது மரம் கைவிட்டுப் போயிருக்கும்.

'சுத்தம்' என்ற பெயரில் பச்சை மட்டைகளையும் அறுத்துவிட்டு, உச்சியில் நாலைந்து மட்டையோடு நிற்கவைப்பதும் தவறு. தவிர்க்க முடியாமல் பச்சை மட்டையை வெட்ட வேண்டியிருந்தால், தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. நல்ல மரமேறி தேங்காயும் காய்ந்த மட்டையும் பன்னாடையும் எடுத்துவிட்டு, குருத்தையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். விரிந்த ஓலையில் 'வி' வடிவ வெட்டு தெரிந்தால் காண்டாமிருக வண்டு என்று கீழே வந்து சொல்வார்.

வெள்ளை ஈ வந்தபோது நடந்ததும் ஒரு பாடம். 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ கண்டறியப்பட்டது. ஓலையெல்லாம் கரும்பூசணம் படர்ந்ததைப் பார்த்துப் பலர் பூச்சிமருந்தைத் தேடி ஓடினார்கள். ஆய்வாளர்கள் வேண்டாமென்றார்கள். அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி தோட்டத்திலேயே பெருகும். மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். வந்தவுடன் மருந்து டப்பாவைத் திறப்பவரைவிட, ஓலையைத் திருப்பிப் பார்ப்பவரே மேல்.

பட்டுப்போனதா, படுத்திருக்கிறதா?

சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு வேம்புகள் நுனிநுனியாகக் காய்ந்து, எரிந்ததுபோல நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையும், தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சியும் இதில் சேர்ந்திருக்கின்றன. "மரம் பட்டுப்போச்சு" என்று அவசரப்பட்டு வெட்டியவர்கள் உண்டு. காத்திருந்தவர்களின் மரங்களில் பல, அடுத்த பருவத்தில் துளிர்த்துவிட்டன. பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுபவரே நாம் தேடும் ஆள்.

தண்டில் பொந்து இருப்பதாலேயே ஒரு மரம் விழுந்துவிடாது. வெளிச்சுற்றில் போதிய அளவு நல்ல மரம் இருந்தால் நடு குழிந்தும் நெடுங்காலம் நிற்கும். ஹவுராவிலுள்ள தாவரவியல் பூங்காவின் பேராலமரத்துக்கு மின்னல் தாக்கிப் பூஞ்சையும் பிடித்தபோது, 1925-ல் நடுத்தண்டையே எடுத்துவிட்டார்கள். விழுதுகளின் பலத்தில் அது இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது. எதை எடுத்தால் மிச்சம் பிழைக்கும் என்று கணிப்பதுதான் மர வைத்தியம்.

உண்மையான ஆபத்தின் அடையாளங்கள் வேறு. நேராக நின்ற மரம் திடீரென்று சாய்வது, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் மேலெழும்பி வெடிப்பது, தண்டின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைப்பது, இரண்டு பெருங்கிளைகள் பிரியும் கவையில் விரிசல் ஓடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. தென்னையின் அடியில் வரும் கானோடெர்மா பூஞ்சை நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர். 1952-ல் அந்த வட்டாரத்தில் பதிவான நோய்.

பெரும்பாலானவர்கள் மேலே பார்க்கிறார்கள், வினை கீழே இருக்கிறது. மரத்தின் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் இரண்டடிக்குள், கிளைப்பரப்பையும் தாண்டி ஓடுகிறது. கார் நிறுத்த சிமென்ட் தளம் போடுவது, செப்டிக் டேங்க் தோண்டுவது, காம்பவுண்டுச் சுவருக்கு அஸ்திவாரம் பறிப்பது எல்லாம் மரத்தின் பிடிமானத்தை அறுக்கும் வேலைகள். பார்க்க வந்தவர் "சமீபத்துல இங்க ஏதாவது தோண்டினீங்களா?" என்று கேட்டால், அவரிடம் மரத்தை நம்பி ஒப்படைக்கலாம்.

யாரிடம் போவது?

உலக அளவில் இந்தத் தொழிலுக்கு ஆர்பரிஸ்ட் என்று பெயர். 1924-ல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு ஒன்று இன்று பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கமாக வளர்ந்திருக்கிறது. தேர்வு வைத்து 1992 முதல் சான்றிதழ் தருகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தியாவில் அந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் குறைவு. உங்கள் ஊரில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நம்மிடம் இருப்பவர்களைச் சேர்த்துத்தான் வேலையை முடிக்க வேண்டும்.

நோய், பூச்சி, மண் என்றால் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் மையங்களும் இருக்கின்றன. காய்ந்த கிளையின் துண்டும் தெளிவான படங்களும் கொண்டுபோனால் பார்த்துச் சொல்வார்கள். காட்டுமர வகைகளுக்குக் கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரியும் உண்டு. சென்னையில் 'நிழல்' போன்ற தன்னார்வ அமைப்புகள் மர நடைகள் நடத்தி, மரம் பார்க்கக் கற்றுத்தருகின்றன. 2019-ல் சென்னையில் மர ஆம்புலன்ஸ் ஒன்றும் தொடங்கப்பட்டது. தென்னைக்கு, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் கேரளத்தில் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டத்தில் கருவி கொண்டு ஏறப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டுக்கு வெளியே, சாலையோரத்தில் நிற்கும் மரம் உங்களுடையதல்ல, உள்ளாட்சியின் பொறுப்பு. சென்னையில் 1913 எண்ணில் சொல்லலாம். மின்கம்பியைத் தொடும் கிளையென்றால் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகம்.

வெட்டும் வேலைக்கு அனுபவமுள்ள குழு வேண்டும். பட்டப்படிப்பு இல்லாமலே மரத்தின் மனம் தெரிந்த மரமேறிகள் நம் ஊர்களில் நிறைய. எந்தக் கிளை எந்தப் பக்கம் விழும், எந்தக் கவை ஆளைத் தாங்கும் என்பதை அவர்கள் கைத்தொழிலாகக் கற்றவர்கள். பார்ப்பவரின் குறிப்பும் ஏறுபவரின் கையும் சேர்ந்தால் நல்ல மர வேலை கிடைத்துவிடும்.

ஆளை எடைபோட ஆறு கேள்விகள்

1. இந்த மரத்தில் எதை வெட்டக் கூடாது? (எதைத் தொடக் கூடாது என்று கை காட்டிச் சொல்பவர் தொழில் தெரிந்தவர். "நீங்க சொல்றதை வெட்டிடறேன்" என்பவரை விட்டுவிடுங்கள்.)

2. கிளையை எங்கே வெட்டுவீர்கள்? (புடைப்பைக் காட்டுகிறாரா என்று பாருங்கள்.)

3. ஆணி வைத்த காலணி போட்டு ஏறுவீர்களா? (உயிரோடு இருக்கும் மரத்தில் அது வேண்டாம். அடியோடு வெட்டப்போகும் மரத்துக்கு மட்டும் சரி.)

4. கயிறு, இடுப்புப் பட்டை, தலைக்கவசம் உண்டா? கீழே நிற்க ஓர் ஆள் உண்டா?

5. விபத்துக் காப்பீடு இருக்கிறதா?

6. முன்பு நீங்கள் கழித்த மரம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? (போன வாரம் கழித்ததைவிட, மூன்று வருடம் முன்பு கழித்ததைப் போய்ப் பாருங்கள். வெட்டுவாய் மூடி வந்திருக்கிறதா, உளுத்திருக்கிறதா என்று மரமே சொல்லும்.)

வெட்டும் நாளில்

பேசியதை ஒரு தாளிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிக்கொள்ளுங்கள்: எந்தெந்தக் கிளை, கழிவு யாருடையது, கூலி எவ்வளவு. வெட்ட வேண்டிய கிளைகளில் சாக்பீஸாலோ துணியாலோ அடையாளம் வைத்துவிட்டால் வாக்குவாதம் மிச்சம்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் இறக்கினால், பாதியில் முறிந்து, தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். தெரிந்தவர் மூன்று வெட்டில் முடிப்பார். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் ஓர் அரைவெட்டு; அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு; பாரம் இறங்கியபின் மிச்சமிருக்கும் கட்டையைப் புடைப்பை ஒட்டி எடுப்பது. கூரையும் கம்பியும் அருகில் இருந்தால் கிளையைக் கயிறு கட்டி மெதுவாக இறக்குவார்.

கம்பி பக்கத்தில் இருந்தால், மின்சாரத்தை நிறுத்தியது உறுதியாகும்வரை யாரும் ஏறக் கூடாது. அலுமினிய ஏணியும் ஈரக் கழியும் கூடாது. மழையிலும் காற்றிலும் வேலை வேண்டாம். கூடுகளையும் தேனடையையும் பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். குஞ்சு இருந்தால் சில வாரம் பொறுக்கலாம்.

காப்பீடு இல்லாதவரைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் அவருக்குத்தான். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' உண்டு. உங்கள் மரத்தில் வழக்கமாக ஏறுபவரை இவற்றில் சேர்த்துவிடுவது பெரிய செலவல்ல.

சட்டம் தெரிந்தவரா?

சொந்த நிலத்து மரம் என்பதாலேயே எதையும் வெட்டிவிட முடியாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955-ம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். பட்டா நிலத்தில் நின்றாலும் சந்தன மரத்தை வனத்துறையைக் கேட்காமல் தொட முடியாது. ஈட்டி மரத்துக்குத் தனிச்சட்டமே இருந்தது; இப்போதைய விதியை வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், ராத்திரியோட ராத்திரியா முடிச்சிடலாம்" என்பவரை அந்த நிமிடமே அனுப்பிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் நிற்கப்போவது நீங்கள்.

பார்த்ததற்கும் கூலி

வீட்டுக்கு வந்து, மரத்தைச் சுற்றிவந்து, சுத்தியால் தட்டி, அடிமண்ணைக் கிளறிப் பார்த்து, "இந்த வருஷம் ஒண்ணும் செய்ய வேண்டாம், அடுத்த ஆடியில பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? பெரும்பாலும் ஒரு டம்ளர் காபி. வெட்டினால்தான் காசு என்று நாமே விதி செய்துவைத்துவிட்டு, எல்லோரும் வெட்டத்தானே பார்க்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை.

வந்து பார்த்ததற்கு ஒரு தொகையை முன்கூட்டியே பேசுங்கள். வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அதைக் கொடுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, கோடைக்கு முன் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை வரச் சொல்லுங்கள். தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்தால் செலவும் பிரியும். அவருக்கும் அது நிரந்தர வேலையாகும். பார்ப்பதற்குக் காசு கிடைக்கும் ஊரில், பார்க்கத் தெரிந்தவர்கள் தாமாக உருவாவார்கள். அரிவாளோடு வருபவர்களே அந்தத் தொழிலையும் கற்றுக்கொள்வார்கள்.